பயிற்சி முடிந்த மறுநாள்

தடுப்பூசிக் குப்பி உறைந்து கெட்டுப்போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. குலுக்கல் சோதனை என்பார்கள். சந்தேகத்துக்குரிய குப்பியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதே கம்பெனி, அதே தொகுதி எண் உள்ள இன்னொரு குப்பியை வேண்டுமென்றே ஓர் இரவு முழுக்க உறையவைத்து, பிறகு உருகவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குலுக்கி, மேசைமேல் அருகருகே வைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உறைந்து உருகிய குப்பியில் வெள்ளைத் துகள்கள் திரிந்து சீக்கிரமே அடியில் படியும். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் படிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் போன்ற, அலுமினிய உப்பு சேர்த்த தடுப்பூசிகளுக்கு இது பொருந்தும்.

இதைப் பயிற்சியில் சொல்ல ஒரு ஸ்லைடு போதும். நாலு வரி, ஒரு படம், ஐந்து நிமிடம். ஆனால் 'சீக்கிரம் படியும்' என்றால் எவ்வளவு சீக்கிரம்? லேசாகக் கலங்கியிருந்தால் என்ன அர்த்தம்? இதெல்லாம் கண் பழகித்தான் வர வேண்டும். இதோடு இன்னொரு குழப்பமும் உண்டு. குப்பியின்மேல் ஒட்டியிருக்கும் வெப்பக் காட்டியை எல்லோருக்கும் தெரியும்: வட்டத்துக்குள் ஒரு சதுரம், சதுரத்தின் நிறம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைப் போடக் கூடாது. 1996இல் போலியோ சொட்டு மருந்தோடு புழக்கத்துக்கு வந்த இந்தக் காட்டி வெப்பத்தை மட்டும்தான் கணக்கு வைக்கும். உறைந்ததை அது காட்டவே காட்டாது. 'சதுரம் வெளுப்பாகத்தானே இருக்கிறது' என்று நினைத்து, உறைந்து வீணான மருந்தைப் போட்டுவிட முடியும். காட்டியைப் பற்றி ஒரு வருடம் சொல்லியிருப்பார்கள், குலுக்கலைப் பற்றி வேறொரு வருடம். இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டிய நேரம், குளிர்பெட்டியைத் திறந்துகொண்டு தனியாக நிற்கும்போதுதான் வருகிறது.

பொது சுகாதாரப் பணியாளர்களின் தொடர்கல்வி பற்றிய பேச்சு பெரும்பாலும் 'நேரடி வகுப்பா, ஆன்லைனா' என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது இரண்டாவது கேள்வியாகத்தான் படுகிறது. பாடம் நடக்கும் இடத்துக்கும் அந்தக் குளிர்பெட்டிக்கும் எவ்வளவு தூரம், கற்பதற்கும் செய்வதற்கும் நடுவே எத்தனை நாள், செய்துபார்க்கும்போது பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்பதை முதலில் கேட்க வேண்டும். இதுவரை வந்திருக்கும் ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிகிறது.

யாருக்குப் பாடம்?

'பொது சுகாதாரப் பணியாளர்' என்ற பெயருக்குள் பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போகிறவர், தடுப்பூசி போடும் செவிலியர், குடிநீர் மாதிரி எடுக்கும் சுகாதார ஆய்வாளர், ஆய்வக நுட்பர், எண்களைக் கணினியில் ஏற்றுகிறவர், நோய்ப்பரவலியல் நிபுணர், இவர்களை எல்லாம் கட்டி மேய்க்கும் அதிகாரி. சிலர் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள், சிலர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். ஒரே மாட்யூலை இவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு 'இத்தனை ஆயிரம் பேருக்குப் பயிற்சி அளித்தோம்' என்று எழுதுவது சுலபம்.

மருத்துவர்களுக்கான தொடர்கல்வியை அப்படியே தூக்கி இவர்களுக்கு மாட்டிவிடவும் முடியாது. மருத்துவர் முன்னால் நோயாளி உட்கார்ந்திருக்கிறார். சிகிச்சை பலிக்காவிட்டால் பல நேரம் அவரே திரும்பி வந்து சொல்லிவிடுவார். பொது சுகாதாரத்தில் வேலையின் பலன் என்பது நடக்காமல் போன ஒன்று: வராத அம்மை, பரவாத காலரா. உறைந்த தடுப்பூசியைப் போட்டவருக்கு அன்றைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. சில வருடம் கழித்து எங்கோ ஒரு குழந்தைக்கு நோய் வரும்போது அதை இந்தக் குப்பியோடு யாரும் முடிச்சுப் போடப் போவதில்லை. அனுபவமே ஆசான் என்பது இங்கே அவ்வளவாகச் செல்லாது. தவறு திரும்பி வந்து முகத்தில் அடித்தால்தானே அனுபவம் பாடம் சொல்லும்?

இன்னொன்று, சில திறமைகள் மிக அபூர்வமாகத்தான் தேவைப்படும். ஊரில் திடீரென்று இருபது பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் யாரை முதலில் பார்ப்பது, எந்தக் கேள்வி கேட்பது, எதை எப்படி ஆய்வகத்துக்கு அனுப்புவது என்பது பல வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படலாம். தேவைப்படும் அன்றைக்கு உடனே வேண்டும்.

சரி, 'உங்களுக்கு எந்தப் பயிற்சி வேண்டும்' என்று அவர்களிடமே கேட்டுவிடலாமே? கேட்கலாம், ஆனால் அதை மட்டுமே நம்பக் கூடாது. மருத்துவர்கள் தங்கள் திறமையைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்வதையும் வெளியிலிருந்து அளந்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலான ஆய்வுகளில் இரண்டும் பொருந்தவில்லை. திறமை குறைவாக இருந்தவர்களும், அளவுக்கு மிஞ்சிய தன்னம்பிக்கை உள்ளவர்களும்தான் மிக மோசமாகக் கணித்தார்கள். பயிற்சி அதிகம் தேவைப்படுகிறவர் 'எனக்கு இது தெரியும்' என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்.

ஹாலும் அதன் கணக்கும்

பணியிடைப் பயிற்சி என்றதும் எல்லோர் மனதிலும் எழும் காட்சி ஒன்றுதான். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. ஒரு பை, நோட்டு, பேனா. முன்தேர்வு என்று பத்துக் கேள்விகள். அப்புறம் இருட்டாக்கிய ஹாலில் ஸ்லைடு மேல் ஸ்லைடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பேச்சாளர்தான் பாவம். கடைசியில் அதே பத்துக் கேள்விகள் பின்தேர்வாக வரும், மதிப்பெண் உயர்ந்திருக்கும், சான்றிதழ் கொடுத்து அனுப்புவார்கள்.

அந்த மதிப்பெண் உயர்வு ஏன் ஏமாற்றும் என்பதற்கு நினைவு பற்றிய ஆய்வுகளில் பதில் இருக்கிறது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் நாளுக்குள்ளேயே பெரும்பகுதி போய்விட்டது. (தடுப்பூசி அட்டவணை அர்த்தமற்ற அசை இல்லைதான். முதல் முறை பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றலாம்.) 2006இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் மாணவர்களிடம் நடத்திய சோதனை இதைவிட நேரடியாக உதவும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் ஜெயித்தார்கள். படித்ததைப் புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் ஜெயித்தார்கள். அன்று மாலையே வைக்கும் பின்தேர்வு இதில் முதல் வகைக்காரர்களுக்குத்தான் பரிசு கொடுக்கிறது.

அதற்காக ஹாலை இழுத்து மூடிவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சுகாதாரப் பணியாளர்களுக்கான கூட்டங்கள், பட்டறைகள் பற்றிய ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு தொகுத்து 2021இல் புதுப்பித்திருக்கிறது. விரும்பத்தக்க நடைமுறையைப் பின்பற்றுவது நடுமதிப்பாக (ஆய்வு முடிவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) சுமார் 6.8 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. நூறு பேரில் கூடுதலாக ஏழு பேருக்குச் சிகிச்சை சரியாக நடந்தால் அதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் ஐந்து நாள் பட்டறைக்குப் பிறகு எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்த்தவருக்கு அது ஏமாற்றம்தான். வெறும் விரிவுரை பெரிதாக நடத்தையை மாற்றுவதில்லை, கலந்து பேசி, கையால் செய்துபார்க்கும் அமர்வுகள் கொஞ்சம் மாற்றுகின்றன என்பது 1990களிலிருந்தே தெரிந்த விஷயம். எத்தனை நாள் என்பதும் நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை. குழந்தை நோய்களை ஒருங்கிணைத்துக் கவனிப்பதற்காக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990களில் உருவாக்கிய பயிற்சி 11 நாள். அதைச் சுருக்கி நடத்தியபோது தரம் குறைந்ததா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முழுப் பயிற்சிதான் மேல், ஆனால் வித்தியாசம் சிறியது என்று வந்தது.

ஹாலின் பிரச்சினை கற்பித்தலோடு நிற்பதில்லை. ஒரே ஒரு செவிலியர் இருக்கும் நிலையத்தில் அவர் ஐந்து நாள் பயிற்சிக்குப் போனால் நிலையம் ஐந்து நாள் மூடிக் கிடக்கும். படி விஷயமும் இருக்கிறது. சம்பளம் குறைவாக உள்ள இடங்களில் பயணப்படியும் தினப்படியும் ஒரு வருமானம். யார் போவது என்பதை யாருக்குப் பாடம் தேவை என்பது தீர்மானிப்பதில்லை, யாருடைய முறை என்பது தீர்மானிக்கும். தாய்சேய் நலம் பார்க்கிறவர் காசநோய்ப் பயிற்சியில் உட்கார்ந்திருப்பார். இதைப் பேராசை என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பளத்தில் கொடுக்காததைப் பயிற்சியின் பேரில் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தவர்கள் அவர்கள் இல்லை.

பயிற்றுநர்களுக்குப் பயிற்சி என்று ஒன்று நடக்கும்: தலைநகரில் பத்துப் பேருக்கு ஐந்து நாள், அவர்கள் போய் மாவட்டத்தில் நூறு பேருக்கு இரண்டு நாள், அந்த நூறு பேர் கீழே ஆயிரம் பேருக்கு அரை நாள். லட்சக்கணக்கானவர்களை எட்ட வேறு வழியில்லாதபோது இந்த அடுக்கு முறைதான் கைகொடுக்கிறது. ஒவ்வொரு படியிலும் வெட்டப்படுவது எது என்று பார்த்தால் விஷயம் புரியும். ஸ்லைடுகளின் எண்ணிக்கை குறையாது. செய்துபார்க்கும் நேரமும் கேள்வி கேட்கும் நேரமும்தான் போகும். குலுக்கல் சோதனையை மேலே பத்துப் பேர் உண்மையான குப்பிகளோடு செய்திருப்பார்கள். கடைசிப் படிக்கு அது ஒரு புகைப்படமாக வந்து சேரும்.

திரையும் காதும்

ஆன்லைன் பாடங்கள் இந்தக் கடைசிப் படி நோயைப் பாதி குணப்படுத்தின. எல்லோருக்கும் ஒரே பாடம், நடுவில் யாரும் திரிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய ஓப்பன்டபிள்யூஎச்ஓ தளத்தில், புதிய கொரோனா வைரஸ் பற்றிய அறிமுகப் பாடம் 2020 ஜனவரியிலேயே ஏறிவிட்டது. உலகளாவிய பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதே அந்த மாதம் 30ஆம் தேதிதான். எந்தப் பட்டறையாலும் அந்த வேகத்தைத் தொட முடியாது. புதிய தகவலை, அவசரமாக, ஏராளமானவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் திரையைவிட நல்ல வழி இல்லை.

திரைக்கு முடியாததும் தெரிந்ததுதான். இலவசமாகத் திறந்துவிட்ட பாடங்களில் சேர்கிறவர்களில் முடிக்கிறவர்கள் சிறுபான்மை. வேலை நேரத்தில் அதற்கென்று நேரம் ஒதுக்காமல் 'உங்கள் வசதிப்படி எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்' என்று சொல்வதை, பல இடங்களில் 'வீட்டுக்குப் போய் இரவில் படித்துக்கொள்ளுங்கள்' என்று மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். வெபினாரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது மனித இயல்பு.

ஸ்மார்ட்போனும் இணையமும் இல்லாதவர்களுக்காக வந்த முயற்சிகள்தான் என்னைக் கவர்ந்தவை. பீகாரில் 2012இல் பிபிசி மீடியா ஆக்‌ஷன் தொடங்கிய மொபைல் அகாடமி அதில் ஒன்று. சாதாரண பட்டன் போனில் ஓர் எண்ணை அழுத்தினால் போதும். டாக்டர் அனிதா என்ற கதாபாத்திரம் பேச ஆரம்பிக்கும். தாய்சேய் நலம் பற்றி, வீட்டில் உள்ளவர்களிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பது பற்றிச் சின்னச் சின்ன பாடங்கள், அத்தியாய முடிவில் கேள்விகள். பாதியில் போனை வைத்துவிட்டால் அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்காக இது பிறகு இந்தியாவின் வேறு மாநிலங்களுக்கும் போனது. ஒருவரின் நாள் எப்படிப் போகிறது, கையில் என்ன கருவி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பாடத்தை அமைத்திருக்கிறார்கள்.

குறுஞ்செய்தி இதைவிட எளியது. கென்யாவில் 107 கிராமப்புற நிலையங்களில் நடந்த ஒரு சோதனை 2011இல் லான்செட் இதழில் வந்தது. பாதி நிலையங்களின் பணியாளர்களுக்கு, மலேரியா கண்ட குழந்தையை எப்படிக் கவனிப்பது என்பது பற்றி வேலை நாட்களில் தினம் இரண்டு குறுஞ்செய்தி, ஆறு மாதம் போனது. ஒவ்வொன்றின் முடிவிலும் ஊக்கம் தரும் ஒரு மேற்கோள். அவ்வளவுதான். மருந்தைச் சரியாகக் கொடுத்து, சரியாக விளக்கிச் சொல்வது 23.7 சதவீதப் புள்ளி உயர்ந்தது. செய்தியை நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் 24.5 இருந்தது. புதிதாக எதையும் அந்தச் செய்திகள் கற்பித்துவிடவில்லை. முதல் மாத்திரையை நிலையத்திலேயே கொடு, தாய்க்கு அடுத்த வேளையைச் சொல் என்பதெல்லாம் ஏற்கெனவே பயிற்சியில் கேட்டவைதான். வேலை நடக்கும் நாளில், வேலை நடக்கும் இடத்தில் வந்து தட்டி எழுப்பியதுதான் வித்தியாசம்.

பொம்மையை வார்டில் வை

டான்சானியாவின் ஹேடம் மருத்துவமனையில் நடந்தது தொடர்கல்வியில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். அதற்காக 2010இல் வெளியான 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' என்ற பயிற்சியில், நிஜக் குழந்தையின் எடை வருமளவு தண்ணீர் நிரப்பும் பொம்மையை வைத்துப் பழக்குவார்கள். ஹேடத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பல மாதம் கழித்துப் பொம்மையில் செய்யச் சொன்னபோது பணியாளர்கள் நன்றாகவே செய்தார்கள். பிரசவ அறையில் நிஜக் குழந்தைகளிடம் செய்தது மட்டும் மாறவே இல்லை. 2013இல் வெளியான கட்டுரையின் தலைப்பே அதை ஒளிக்காமல் சொன்னது.

இன்னொரு நிர்வாகம் என்றால் பயிற்சியை இரண்டு நாளாக்கியிருக்கும். அங்கே வேறு மாதிரி யோசித்தார்கள். வாரம் ஒருமுறை மூன்று முதல் ஐந்து நிமிடம், வேலை செய்யும் அதே இடத்தில் ஒரு சின்ன ஒத்திகை. யாரும் எங்கும் போக வேண்டாம், பதிவேடு வேண்டாம், பை வேண்டாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1இலிருந்து 7.2 ஆகக் குறைந்தார்கள் என்று 2015இல் எழுதினார்கள். முன்பின் ஒப்பீடுதான், எல்லாப் பெருமையும் ஒத்திகைக்கே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அதே ஆட்கள், அதே பொம்மை, அதே பாடம். மாறியது இடமும் இடைவெளியும். பொதுவில் இந்த முறையைக் குறைந்த அளவு, அடிக்கடி என்கிறார்கள், மருந்துச் சீட்டு மாதிரி.

சுவரில் ஒட்டும் அட்டைக்கும் இதே தர்க்கம் பொருந்தும். ஜாம்பியாவில் சமூக சுகாதாரப் பணியாளர்கள் மலேரியா விரைவுப் பரிசோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். பெட்டியோடு வரும் குறிப்பை மட்டும் வைத்துச் செய்தவர்கள் 57 சதவீதப் படிகளைச் சரியாகச் செய்தார்கள். படம் போட்டு வரிசையாக விளக்கிய ஓர் அட்டையைக் கொடுத்ததும் 80. அட்டையோடு மூன்று மணி நேரப் பயிற்சியும் சேர்ந்தபோது 92. ஆனால் எந்த அச்சுத் தாளும் இப்படி உதவும் என்று நினைத்துவிடக் கூடாது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பெரிய அலசல் 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. அச்சுத் தகவலோ அட்டையோ மட்டும் கொடுத்தபோது முன்னேற்றம் நடுமதிப்பாக 1.4 சதவீதப் புள்ளிதான். எனக்குத் தெரிந்தவரை வேறுபாடு இதுதான்: விரலில் குத்து, சொட்டை விடு, கடிகாரத்தைப் பார் என்று கையைப் பிடித்து நடத்தும் அட்டையை வேலை செய்துகொண்டே பார்க்கிறார்கள். நாற்பது பக்க வழிகாட்டி அலமாரிக்குப் போகிறது.

திரும்பி வந்து பார்க்கிறவர்

அதே 2018 அலசலில்தான் கவனிக்க வேண்டிய வேறு எண்கள் இருக்கின்றன. பயிற்சி மட்டும் அல்லது மேற்பார்வை மட்டும் என்றால் முன்னேற்றம் சுமார் 10 முதல் 16 சதவீதப் புள்ளி வரை. இரண்டையும் சேர்த்தால் 18 அளவில். அதாவது பயிற்சியே தராமல் ஒருவர் ஒழுங்காகப் போய்ப் பார்த்தாலே ஏறக்குறைய பயிற்சி தரும் பலன் வருகிறது. ஆனால் வரவு செலவுத் திட்டத்தில் பயிற்சிக்குத் தனித் தலைப்பு இருக்கும், மேற்பார்வையாளரின் பெட்ரோலுக்குத்தான் இழுபறி.

போய்ப் பார்ப்பது என்றால் எப்படி என்பதில் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான மேற்பார்வை, பதிவேட்டைப் பார்ப்பதோடு முடிகிறது. கட்டம் விடுபட்டிருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, கிளம்பு. அடுத்த முறை பதிவேடு அழகாக இருக்கும், அவ்வளவுதான். பணியாளர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, ஒரே ஒரு விஷயத்தை அங்கேயே திருத்தி, அடுத்த முறை வரும்போது அதையே முதலில் கேட்கும் மேற்பார்வையாளர் அபூர்வம். அப்படி ஒருவர் இருக்கும் இடத்தில் தனியாகத் தொடர்கல்வி என்ற பெயரே தேவைப்படாது. அவரவர் செயல்பாட்டை அளந்து அவர்களுக்கே காட்டும் முறை பற்றி 140 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2012இல் வந்தது. சராசரிப் பலன் சிறியது, சுமார் 4 சதவீதப் புள்ளி. எப்போது பலன் கூடுகிறது என்பதையும் அது சொன்னது: ஆரம்பத்தில் செயல்பாடு குறைவாக இருந்தால், சொல்கிறவர் மேற்பார்வையாளராகவோ சக பணியாளராகவோ இருந்தால், ஒரு தடவைக்கு மேல் சொன்னால், வாயாலும் எழுத்தாலும் சொன்னால், இலக்கும் அடுத்து என்ன செய்வது என்பதும் கூடவே இருந்தால்.

பக்கத்தில் நிற்க ஆளில்லாத தொலைதூர நிலையங்களுக்கு? இதற்கு நல்ல விடை நியூ மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கே ஹெபடைடிஸ் சி சிகிச்சைக்குப் பல்கலைக்கழக மருத்துவமனையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003இல் எக்கோ என்ற திட்டத்தைத் தொடங்கினார். வாரம் ஒருநாள் வீடியோவில் எல்லோரும் கூடுவார்கள். ஒரு சின்ன விரிவுரை, அதன்பிறகு தொலைதூர நிலையத்தில் இருப்பவர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்வார், பெயர் இல்லாமல். நிபுணர்கள் கேள்வி கேட்பார்கள், மற்ற நிலையத்தவர்களும் கேட்பார்கள். அடுத்த வாரம் அதே நோயாளி என்ன ஆனார் என்று தொடரும். 407 நோயாளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வந்தது. பல்கலைக்கழகத்தில் குணமானவர்கள் 57.5 சதவீதம், கிராமப்புற நிலையங்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம். இதுவும் திரைதான், வெபினாரும் திரைதான். எக்கோவில் பேசப்படுவது கலந்துகொள்கிறவரின் சொந்தக் கேஸ் என்பதால் கேமராவை அணைத்துவிட்டுப் போக முடியாது. இந்த முறை காசநோய், எச்ஐவி, கோவிட் என்று பல நாடுகளுக்குப் பரவியது.

வேலையையே பாடமாக்கும் பழைய மரபு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் அலெக்சாண்டர் லாங்முயர் 1951இல் நோய்ப்பரவல் புலனாய்வுப் பணி என்ற களப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். கொரியப் போர்க் காலம், உயிரியல் ஆயுதப் பயத்தைக் காட்டித்தான் பணம் கிடைத்தது. அதன் சின்னம் ஓட்டை விழுந்த ஷூவின் அடிப்பாகம், தெருத் தெருவாக நடந்து விசாரிப்பதன் அடையாளம். அந்த மாதிரியில் வட அமெரிக்காவுக்கு வெளியே முதல் திட்டம் 1980இல் தாய்லாந்தில் அமைந்தது. இன்று பல நாடுகளில் மூன்று அடுக்காக நடக்கிறது: முன்களத்தவருக்குச் சுமார் மூன்று மாதம், நடு அடுக்குக்கு ஒன்பது மாதம் அளவில், மேல் அடுக்குக்கு இரண்டு வருடம். வகுப்பு கால்பங்கு, களம் முக்கால்பங்கு. முன்களப் பிரிவில் இருப்பவர் தன் வேலையை விட்டுப் போவதில்லை. சில நாள் வகுப்பு, பிறகு தன் மாவட்டத்துக்கே திரும்பி, அங்குள்ள கண்காணிப்புத் தரவில் எது விடுபடுகிறது என்று தேடி எழுத வேண்டும், வழிகாட்டி ஒருவர் படித்துத் திருத்துவார். பயிற்சி முடியும்போது அந்த மாவட்டத்தின் ஒரு பிரச்சினையாவது காகிதத்துக்கு வந்திருக்கும். வழிகாட்டிகள் கிடைப்பதுதான் சிரமம். ஒருவரால் நாலைந்து பேரைத்தான் கவனிக்க முடியும், அதனால் இதை ஒரே வருடத்தில் ஆயிரமாக்கிவிட முடியாது.

இதையெல்லாம் எப்படி அளப்பது? டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் சொன்ன நாலு படிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் வந்ததா. முதல் படிக்கு ஒரு படிவம் போதும், இரண்டாம் படிக்கு ஒரு பின்தேர்வு. மூன்றாம் படிக்கு யாராவது வண்டி ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதால் அநேகமாக அறிக்கை இரண்டோடு முடிந்துவிடும். தொழில் பதிவைப் புதுப்பிக்க இத்தனை மணி நேரம் என்று கேட்கும் புள்ளி முறைகளும் நேரத்தைத்தான் எண்ணுகின்றன. பிரிட்டனின் பொது சுகாதாரத் துறை வல்லுநர் அமைப்பு வருடத்துக்கு 50 புள்ளி கேட்கிறது. ஆனால் அதோடு, கற்றதால் என்ன மாறியது என்று ஒரு சின்னக் குறிப்பும் எழுதச் சொல்கிறது. குறிப்பை ஒப்புக்கு எழுதலாம்தான். எழுத உட்காரும்போதாவது அந்தக் கேள்வி மனதில் வரும்.

குலுக்கல் சோதனையை இன்று ஒருவர் சொல்லித்தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் பட்டறை தேவையில்லை. இரண்டு குப்பிகளும் படிவதை வெட்டாமல் காட்டும் ஒரு வீடியோ போனில் வரலாம். படிகள் வரைந்த அட்டையைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டலாம், பைலில் போடக் கூடாது. வெப்பக் காட்டி உறைவைக் காட்டுமா என்று மாதம் ஒருமுறை ஒரு கேள்வி குறுஞ்செய்தியாக வரலாம். அடுத்த முறை மேற்பார்வையாளர் வரும்போது, பதிவேட்டைத் திறப்பதற்கு முன்னால், தன் பையிலிருந்து முந்தின இரவே உறையவைத்த ஒரு குப்பியை எடுத்து மேசைமேல் வைக்கலாம். இவரிடம் இருக்கும் அதே தொகுதியாக அது இருக்க வேண்டும், இதைப் போனில் கேட்டு வைத்துக்கொள்ளலாம். அந்தக் குப்பியின்மேல் 'உறைந்தது' என்று மறக்காமல் பேனாவால் எழுதிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் அதையே எடுத்து யாராவது குழந்தைக்குப் போட்டுவிடுவார்கள்.